பிப்ரவரியோடு நின்றுவிடாமல்: அமெரிக்கக் கறுப்பின வரலாற்றைக் கற்கத் தொடங்குவோருக்கு ஒரு வழிகாட்டி

அமெரிக்காவுக்குப் புதிதாகக் குடிவந்த தமிழ்க் குடும்பங்களில் கறுப்பின வரலாறு பெரும்பாலும் பிள்ளைகளின் பள்ளிப் பை வழியாகத்தான் வீட்டுக்குள் நுழைகிறது. பிப்ரவரி மாதம் மார்ட்டின் லூதர் கிங் படத்துக்கு வண்ணம் தீட்ட ஒரு தாள் வரும். ரோசா பார்க்ஸ் பேருந்தில் வெள்ளையருக்கு இடம் விட்டு எழ மறுத்ததைப் பற்றிப் பத்து வரி வரும். மார்ச் பிறந்ததும் இரண்டும் பழைய காகிதத்தோடு போய்விடும். அதற்கு மேலும் தெரிந்துகொள்ள ஆசை இருந்து, எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

நமக்கு இது ஏன் வேண்டும் என்று கேட்பவர்கள் உண்டு. 1924ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டம் ஆசியர்களுக்கு ஏறக்குறைய முழுவதுமாகக் கதவைச் சாத்தியிருந்தது. 1946இல் இந்தியர்களுக்குக் கிடைத்த ஒதுக்கீடு ஆண்டுக்கு வெறும் 100 பேர். பிறந்த நாட்டைப் பார்த்து ஆள் எடுக்கும் அந்த முறையை 1965ஆம் ஆண்டுச் சட்டம் ஒழித்தது. அதே ஆண்டில், அதே நாடாளுமன்றம்தான் கறுப்பின மக்களின் வாக்குரிமைச் சட்டத்தையும் நிறைவேற்றியது. தெருவில் அடிபட்டு, சிறைக்குப் போய், உயிரைக் கொடுத்து அவர்கள் உண்டாக்கிய காலம் அது. இனம், நிறம், மதம், பால், பிறந்த நாடு பார்த்து வேலையில் பாகுபாடு காட்டக் கூடாது என்ற 1964ஆம் ஆண்டின் சட்டமும் அவர்கள் போராட்டத்தில் விளைந்ததுதான். அலுவலகத்தில் நமக்கு அநியாயம் நடந்தால் நாம் போய் நிற்பது அந்தச் சட்டத்தின் நிழலில்தான். இந்த நாட்டில் கால் ஊன்றிய தமிழர் எவருக்கும் இது அயலார் வரலாறு இல்லை.

பிப்ரவரி எங்கிருந்து வந்தது

கார்ட்டர் வுட்சன் என்ற பெயரை முதலில் தெரிந்துகொள்ளுங்கள். 1875இல் வெர்ஜீனியாவில் பிறந்தவர். பெற்றோர் இருவரும் அடிமைகளாக இருந்து விடுதலை பெற்றவர்கள். இளம் வயதில் மேற்கு வெர்ஜீனியாவின் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை செய்தார். உயர்நிலைப் பள்ளியில் சேரும்போதே அவருக்கு ஏறத்தாழ இருபது வயது. 1912இல் ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெற்றார். கறுப்பின மக்களுக்குச் சொல்லத்தக்க வரலாறே கிடையாது என்று படித்தவர்களே பேசிய காலம் அது. 1915இல் சிகாகோவில் அந்த வரலாற்றைத் திரட்டுவதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார். மறு ஆண்டே அதற்கு ஓர் ஆய்விதழும் வந்தது. 1926இல் பிப்ரவரியின் இரண்டாம் வாரத்தை வரலாற்று வாரமாக அறிவித்தார். ஆபிரகாம் லிங்கனின் பிறந்த நாளான 12ஆம் தேதியையும், அடிமை நிலையிலிருந்து தப்பிப் பெரும் பேச்சாளராக உயர்ந்த ஃப்ரெடரிக் டக்ளஸின் பிறந்த நாளான 14ஆம் தேதியையும் கறுப்பின மக்கள் ஏற்கெனவே கொண்டாடி வந்தார்கள். அந்த வழக்கத்தின் மேல்தான் அவர் இதைக் கட்டினார். அது மாதமாக வளர்ந்து, அரசின் அங்கீகாரம் பெற்றது 1976இல்.

அந்த ஒரு வாரம் போதும் என்று வுட்சன் ஒருநாளும் நினைக்கவில்லை. ஆண்டு முழுவதும் பிள்ளைகள் படித்ததை ஊர் அறிய எடுத்துக்காட்டும் வாரமாகவே அதை வகுத்தார். தனியாக ஒரு வாரம் தேவைப்படாத நாள் வரும் என்றும் நம்பினார். ஆகவே ஆண்டு முழுவதும் படிப்பது புதுமை ஒன்றும் இல்லை. அவர் கேட்டதே அதுதான்.

முதல் படி: குடியிருக்கும் ஊரிலிருந்து தொடங்குங்கள்

பலரும் நேராக, ஆப்பிரிக்கர்கள் அடிமைகளாக வெர்ஜீனியாவில் வந்திறங்கிய 1619க்கோ கிங்குக்கோ போய்விடுகிறார்கள். அப்படிப் போனால் அது எங்கோ நடந்த கதையாகவே தங்கிவிடும். உங்கள் அஞ்சல் குறியீட்டு எண்ணிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் முதல் யோசனை.

வீடு வாங்கியவராக இருந்தால் பத்திரத்தை எடுங்கள். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் பிரிக்கப்பட்ட மனை என்றால், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் அந்த மனைப் பிரிவின் மூல ஆவணத்தைத் தேடிப் பாருங்கள். பல மாவட்டங்களில் இணையத்திலேயே கிடைக்கும். வேலி எத்தனை அடி, கோழி வளர்க்கலாமா என்ற விதிகளுக்கு நடுவில், வெள்ளையர் அல்லாதவர் இங்கே வாங்கவோ குடியிருக்கவோ கூடாது, வீட்டு வேலைக்காரர் மட்டும் விலக்கு என்று ஒரு வரி இருக்கலாம். சியாட்டில் பகுதியின் பத்திரங்கள் பலவற்றில் ஆசிய இனத்தவரையும் சேர்த்தே விலக்கியிருக்கிறார்கள். அதாவது, இன்று அங்கே பொங்கல் பானை வைக்கிற நம்மையும் சேர்த்து. 1948இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய விதிகளை நீதிமன்றம் மூலம் நடைமுறைப்படுத்த முடியாது என்று தீர்ப்பளித்தது. 1968இல் வீட்டுவசதிச் சட்டம் அவற்றைத் தடை செய்தது. ஆனாலும் காகிதத்தில் அந்த வரி இன்னும் கிடக்கிறது. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு குழு இத்தகைய பத்திரங்களைத் தேடி வரைபடத்தில் குறித்து வருகிறது. சொந்த வீட்டுப் பத்திரத்தில் அந்த வரியைப் பார்த்துவிட்டால், பிறகு இந்த வரலாற்றைப் படிக்க யாரும் உங்களைத் தூண்ட வேண்டியதில்லை.

அடுத்தது, 1930களில் ஒரு கூட்டரசு நிறுவனம் இருநூறுக்கும் மேற்பட்ட நகரங்களுக்குத் தயாரித்த வீட்டுக் கடன் வரைபடங்கள். கடன் கொடுக்கத் தகுந்த இடங்களுக்குப் பச்சை, அடுத்து நீலம், பிறகு மஞ்சள். ஆபத்து என்று முத்திரை குத்திய இடங்களுக்குச் சிவப்பு. கறுப்பின மக்கள் குடியிருந்தால் ஏறக்குறைய உறுதியாகச் சிவப்புதான். ரிச்மண்ட் பல்கலைக்கழகம் இவற்றை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. உங்கள் நகரத்தைத் திறந்து, வரைபடத்தோடு மதிப்பீட்டாளர் எழுதிவைத்த குறிப்பையும் படியுங்கள். அண்டை வீட்டார் யார் என்பதைப் பார்த்து ஒரு தெருவின் விலையை முடிவு செய்திருப்பது அங்கே அப்பட்டமாகத் தெரியும். வீடுதான் இந்த நாட்டில் நடுத்தரக் குடும்பத்தின் பெரிய சொத்து. அந்தச் சொத்து ஒரு தலைமுறைக்கு ஏன் கைக்கு எட்டாமல் போனது என்பதற்குப் பாதி விடை அந்தத் தாளிலேயே இருக்கிறது.

மூன்றாவதாக ஒரு பயண வழிகாட்டி நூலைச் சொல்வேன். நியூயார்க்கின் ஹார்லெமில் வசித்த தபால்காரர் விக்டர் ஹியூகோ கிரீன் 1936இலிருந்து வெளியிட்டது. கறுப்பினப் பயணிகள் அவமானப்படாமல் தங்கக்கூடிய விடுதிகள், சாப்பிடக்கூடிய கடைகள், பெட்ரோல் போடக்கூடிய நிலையங்கள் எல்லாம் ஊர் வாரியாக அதில் உண்டு. நியூயார்க் பொது நூலகம் அந்தப் பதிப்புகளை மின்வடிவில் வைத்திருக்கிறது. உங்கள் ஊரின் பக்கத்தைத் திறந்து, இரண்டு முகவரிகளைக் குறித்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை போய்ப் பாருங்கள். சில இடத்தில் கட்டடம் நிற்கும். பல இடத்தில் நெடுஞ்சாலை ஓடும்.

டல்லாஸில் அப்படித்தான் ஆனது. விடுதலை பெற்ற மக்களின் இடுகாட்டின் மேலேயே நகரின் மத்திய விரைவுச் சாலையைப் போட்டுவிட்டார்கள். பிறகு அந்தச் சாலையை அகலப்படுத்தும் வேலையின்போது 1,100க்கும் மேற்பட்ட கல்லறைகளை அகழ்ந்தெடுத்து மறுபடி அடக்கம் செய்ய வேண்டியிருந்தது. இப்போது அங்கே நினைவிடம் இருக்கிறது. ஹூஸ்டன்காரர்கள் விடுதலைப் பூங்காவுக்குப் போகலாம். ஜாக் யேட்ஸ் என்ற போதகரும் மற்றவர்களும், தாங்களே அடிமைகளாக இருந்து மீண்டவர்கள், விடுதலை நாளைக் கொண்டாட ஓர் இடம் வேண்டும் என்று ஊராரிடம் பணம் சேர்த்து 1872இல் வாங்கிய பத்து ஏக்கர் அது. கலிபோர்னியாவில் டுலாரி மாவட்டத்துக்குப் போனால் ஆலன்ஸ்வொர்த் இருக்கிறது. 1908இல் கறுப்பின மக்கள் தாங்களே நிறுவி, தாங்களே ஆண்ட ஊர் அது. இப்போது மாநிலப் பூங்கா. சிகாகோவில் புல்மன் பகுதியைப் பாருங்கள். ரயில் தூங்கும் பெட்டிகளில் பணிபுரிந்தவர்கள் 1925இல் சங்கம் அமைத்துப் போராடிய கதை அங்கே இருக்கிறது. நியூயார்க்கின் மன்ஹாட்டனில் 1991இல் அலுவலகக் கட்டடத்துக்காகத் தோண்டியபோது வெளிப்பட்ட ஆப்பிரிக்கர் இடுகாடு இன்று தேசிய நினைவிடமாக இருக்கிறது.

உங்கள் ஊர்ப் பெயர் இதில் இல்லையென்றால் பொது நூலகத்தின் உள்ளூர் வரலாற்றுப் பிரிவில் கேளுங்கள். நூலகர்கள் இந்தக் கேள்விக்காகவே காத்திருப்பவர்கள் போல் உதவுவார்கள்.

இரண்டாம் படி: அவர்கள் சொன்னதை அவர்கள் வாயால் கேளுங்கள்

கறுப்பின மக்களைப் பற்றி மற்றவர்கள் எழுதியது நிறைய. அவர்களே எழுதியதும் பேசியதும் அதைவிட நிறைய. பழையவை காப்புரிமை முடிந்தவை என்பதால் செலவே இல்லை. ஃப்ரெடரிக் டக்ளஸின் 1845ஆம் ஆண்டுத் தன்வரலாறு சிறிய நூல், வார இறுதியில் படித்துவிடலாம். கையோடு ஹாரியட் ஜேக்கப்ஸின் 1861ஆம் ஆண்டு நூலையும் எடுத்துக்கொள்ளுங்கள். எஜமானனிடமிருந்து தப்ப, பாட்டி வீட்டுக் கூரைக்கடியில் நிமிர்ந்து நிற்கக்கூட முடியாத இடுக்கில் ஏறத்தாழ ஏழு ஆண்டுகள் ஒளிந்திருந்தவர் அவர். கீழே தன் பிள்ளைகள் விளையாடும் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறார். பெண்ணுக்கு அடிமை வாழ்வு என்ன செய்தது என்பதை டக்ளஸிடமிருந்து மட்டும் தெரிந்துகொள்ள முடியாது.

ஆனால் புதிதாக வருபவருக்கு நான் முதலில் காட்டுவது நூல் அல்ல, விளம்பரம். அடிமை முறை ஒழிந்ததும் மக்கள் செய்த முதல் வேலைகளில் ஒன்று, விற்கப்பட்டுப் பிரிந்துபோன சொந்தங்களைத் தேடியது. நியூ ஆர்லியன்ஸில் வெளிவந்த ஒரு தேவாலயப் பத்திரிகையில் ‘தொலைந்த நண்பர்கள்’ என்று ஒரு பகுதியே இருந்தது. சந்தாதாரருக்கு இலவசம், மற்றவர்களுக்கு 50 சென்ட். கடிதம் எழுதுபவர் தன் தாயின் பெயரைச் சொல்வார், எஜமானனின் பெயரைச் சொல்வார், யார் யாருக்கு எந்த மாநிலத்தில் விற்றார்கள் என்பார், கடைசியாகப் பார்த்தபோது தம்பிக்கு என்ன வயது என்பார். பல கடிதங்கள் விடுதலைக்குப் பதினைந்து, இருபது ஆண்டுகள் கழித்து எழுதப்பட்டவை. அவற்றை ஞாயிற்றுக்கிழமை மேடையிலிருந்து வாசிக்கும்படி போதகர்களைப் பத்திரிகை கேட்டுக்கொண்டது. எழுத்தறியாதவர்களுக்கும் செய்தி எட்ட வேண்டுமே. நியூ ஆர்லியன்ஸ் வரலாற்று நிறுவனம் ஒன்றும், பென்சில்வேனியாவின் வில்லநோவா பல்கலைக்கழகமும் இத்தகைய விளம்பரங்களைத் திரட்டி இணையத்தில் வைத்திருக்கின்றன. தினம் ஒன்று என்று படியுங்கள். ஒன்றுக்கு இரண்டு நிமிடம்தான் ஆகும். அடிமை முறை என்றால் பருத்தி வயலும் சவுக்கும் என்று மனத்தில் பதிந்திருந்த படம் அதன்பின் அப்படியே இருக்காது. ஒரு பெண் நாற்பது வயதுக்கு மேல் தன் அம்மாவின் பெயரைச் சரியாக எழுதித் தேடுவதை அல்லவா படிக்கிறீர்கள்.

நாடாளுமன்ற நூலகத்தில், 1936 முதல் 1938 வரை எடுக்கப்பட்ட, அடிமைகளாக இருந்த முதியவர்களின் 2,300க்கும் மேற்பட்ட நேர்காணல்கள் உள்ளன. அரிய புதையல்தான். ஒன்றை மட்டும் மனத்தில் வைத்துப் படியுங்கள். கேள்வி கேட்டவர்களில் பெரும்பாலோர் வெள்ளையர்கள். பெரும் பொருளாதார மந்தக் காலத்தில், அரசு ஆள் என்று வந்து நின்றவரிடம் ஒரு கறுப்பின மூதாட்டி எல்லாவற்றையும் திறந்து சொல்லியிருப்பாரா? பேச்சு வழக்கை அவர்கள் எழுதிய விதமும் பல இடங்களில் மதிப்புக் குறைவானது.

மூன்றாம் படி: வதைபட்டதோடு நிறுத்தாதீர்கள்

இதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுவது. நம்மில் பலர் இந்த வரலாற்றை இரக்கத்தோடு அணுகுகிறோம். கண்ணீர் விடுகிறோம், பிறகு மூடி வைத்துவிடுகிறோம். அவர்கள் என்னென்ன கட்டி எழுப்பினார்கள், எப்படி ஒன்று கூடினார்கள், எப்படிக் கணக்குப் போட்டு வேலை செய்தார்கள் என்பதைத் தேடிப் படித்தால்தான் வரலாறு விளங்கும்.

அலபாமா மாநிலத்தின் மான்ட்கோமரியில் நடந்த பேருந்துப் புறக்கணிப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். கால் வலித்த ஒரு பெண்மணி எழ மறுத்தார், கிங் பேசினார், சட்டம் மாறியது என்பது பள்ளிக்கூடக் கதை. நடந்தது வேறு. ரோசா பார்க்ஸ் பல ஆண்டுகள் உரிமை அமைப்பில் உழைத்த செயற்பாட்டாளர். அவருக்கு ஒன்பது மாதங்களுக்கு முன்பே, 1955 மார்ச் மாதம், கிளாடெட் கோல்வின் என்ற 15 வயதுப் பள்ளி மாணவி எழ மறுத்துக் கைதானார். பார்க்ஸ் கைதான இரவே ஜோ ஆன் ராபின்சன் என்ற கல்லூரி ஆசிரியர், விடிவதற்குள் ஆயிரக்கணக்கான துண்டறிக்கைகளைச் சுற்றச்சு இயந்திரத்தில் அடித்துத் தள்ளினார். பிறகு 381 நாட்கள் மக்கள் பேருந்தில் ஏறாமல் வேலைக்குப் போக நூற்றுக்கணக்கான கார்களை ஒழுங்குபடுத்த வேண்டும். பெட்ரோலுக்குப் பணம் வேண்டும்.

அங்கே வருகிறார் ஜார்ஜியா கில்மோர். சமையல்காரர். தெரிந்த பெண்களைச் சேர்த்துக்கொண்டு வறுத்த கோழி, கேக், பழப்பணியாரம் எல்லாம் வீட்டில் செய்து அழகு நிலையங்களிலும் கடைகளிலும் விற்றார். வாரந்தோறும் கூட்டத்தில் அந்தப் பணத்தைக் கொண்டுவந்து கொடுப்பார். எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ‘எங்கிருந்தும் இல்லை’ என்பதுதான் பதில். குழுவின் பெயரே அதுதான். கொடுத்தவர் பெயர் வெளியே தெரிந்தால் வேலை போகும் என்பதால் இந்த ஏற்பாடு. அவருக்கே வேலை போனது. பிறகு தன் வீட்டுச் சமையலறையையே உணவகமாக்கினார். கிங் உட்பட இயக்கத்தின் தலைவர்கள் அங்கேதான் சாப்பிட்டார்கள், பேசினார்கள். உங்கள் பிள்ளைகளுக்குக் கிங்கின் உரையைச் சொல்லிக் கொடுக்கும் அன்றே கில்மோரின் கேக்கையும் சொல்லிக் கொடுங்கள்.

ராபர்ட் ஸ்மால்ஸ் பற்றியும் படியுங்கள். உள்நாட்டுப் போரின் நடுவே, 1862 மே மாத விடியலில், கப்பல் தலைவனின் தொப்பியை அணிந்துகொண்டு, அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தெற்குப் படையின் கோட்டைகளுக்குச் சரியான ஊதல் சைகை கொடுத்தபடியே, குடும்பத்தையும் ஏற்றிக்கொண்டு தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் துறைமுகத்திலிருந்து ராணுவக் கப்பலைக் கடத்தி வந்த அடிமை மாலுமி அவர். பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினரானார். தான் பிறந்த இடத்து எஜமானனின் வீட்டையே விலைக்கு வாங்கினார். உள்நாட்டுப் போருக்குப் பிந்தைய அந்தப் பத்துப் பன்னிரண்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 2,000 கறுப்பின மக்கள் அரசுப் பதவிகளில் இருந்தார்கள். பள்ளிப் பாடத்தில் பெரும்பாலும் தாண்டிப்போகிற காலம் இது. நீங்கள் தாண்டாதீர்கள்.

நான்காம் படி: ஆண்டுக்கு ஒரு நாட்காட்டி

சமையலறையில் தொங்கும் நாட்காட்டியில், அமாவாசை கிருத்திகையோடு இவற்றையும் குறித்துவிடுங்கள்.

ஜனவரி மூன்றாம் திங்கட்கிழமை கிங் நாள். 1986 முதல் தேசிய விடுமுறை. ஊருக்கு உழைக்கும் நாளாகவே பலரும் இதைக் கடைப்பிடிக்கிறார்கள். உணவு வங்கியிலோ பூங்காவிலோ குடும்பத்தோடு சேர்ந்துகொள்ளலாம். பிப்ரவரி 14 டக்ளஸ் நாள், இதைக் கடைசியில் சொல்கிறேன். மே 1 அன்று ஒரு நிமிடம் 1865ஐ நினையுங்கள். சார்ல்ஸ்டனில், சிறைக்கூடமாக இருந்த குதிரைப் பந்தய மைதானத்தில் புதையுண்ட வடக்குப் படை வீரர்களுக்கு, விடுதலை பெற்ற மக்கள் முறையான கல்லறை அமைத்து, பிள்ளைகள் கையில் பூக்களோடு ஊர்வலம் வந்தார்கள். மே மாத இறுதியில் நாம் நீண்ட விடுமுறை எடுக்கும் நினைவு நாளின் தொடக்க நிகழ்வுகளில் ஒன்று அது. ஆகஸ்ட் 28 இரண்டு முறை முக்கியமானது. 1955இல் எம்மெட் டில் என்ற 14 வயதுக் கறுப்பினச் சிறுவனை வெள்ளையர்கள் கடத்திக் கொன்றதும், 1963இல் கிங் உரையாற்றிய வாஷிங்டன் பேரணி நடந்ததும் அதே தேதி.

ஜூன் 19 பற்றிக் கொஞ்சம் கூடுதலாக. லிங்கனின் விடுதலை அறிவிப்பு 1863 ஜனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. டெக்சஸின் கால்வெஸ்டனில் தளபதி கார்டன் கிரேஞ்சர் வந்து இறங்கி, அடிமைகள் அனைவரும் விடுதலை பெற்றவர்கள் என்ற ஆணையை வெளியிட்டது 1865 ஜூன் 19. செய்தி போய்ச் சேரத் தாமதமானது என்று பலர் எழுதுகிறார்கள். தாமதமானது செய்தி அல்ல. எஜமானர்களுக்குத் தெரியும். கட்டாயப்படுத்தப் படை வரும்வரை அவர்கள் விடவில்லை, அவ்வளவுதான். டெக்சஸ் மக்கள் மறு ஆண்டிலிருந்தே கொண்டாடத் தொடங்கினார்கள். தேசிய விடுமுறையானது 2021இல். சிவப்பு நிற பானம், தர்பூசணி, சுட்ட இறைச்சி, அணிவகுப்பு, தேவாலயப் பாட்டு என்று பெரிய கூடுகை அது. நீங்கள் தனியாக ஒரு விழா ஏற்பாடு செய்வதைவிட, கறுப்பின அமைப்புகள் நடத்தும் விழாவுக்குப் போய் நிற்பதும், அங்கே கடை போட்டிருப்பவர்களிடம் வாங்குவதும் மேல்.

இலையுதிர் காலத்தில் கறுப்பினக் கல்லூரிகளின் பழைய மாணவர் விழா. அருகில் ஹோவர்ட், ஸ்பெல்மன், ப்ரேரி வியூ என்று ஏதாவது இருந்தால் விடாதீர்கள். அணிநடை இசைக்குழுவை நேரில் கேட்க வேண்டும், காணொளி அதில் பாதிகூட இல்லை. டிசம்பர் 26 முதல் ஜனவரி 1 வரை குவான்ஸா. 1966இல் மௌலானா கரெங்கா தொடங்கியது, ஏழு நாள், ஏழு நெறி. இது மத விழா அல்ல. எல்லாக் கறுப்பினக் குடும்பங்களும் கொண்டாடுவதும் இல்லை. தெரியாமல் எல்லோருக்கும் வாழ்த்துச் சொல்ல வேண்டாம். டிசம்பர் 31 இரவு பல தேவாலயங்களில் விழித்திருப்பார்கள். 1862இல் விடுதலை அறிவிப்பு விடிவதற்காகக் காத்திருந்த இரவின் நினைவும் அதில் இருக்கிறது.

கனடாவில் இருப்பவர்களுக்கும் பிப்ரவரிதான் வரலாற்று மாதம். அதோடு ஆகஸ்ட் 1 விடுதலை நாளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். பத்து டாலர் தாளில் இருக்கும் வயோலா டெஸ்மண்ட் யார் என்று பிள்ளைகளிடம் கேளுங்கள். 1946இல் நோவா ஸ்கோஷியாவின் ஒரு திரையரங்கில் வெள்ளையருக்கான கீழ்த்தள இருக்கையை விட்டு எழ மறுத்துக் கைதானவர் அவர். பிரிட்டனில் 1987 முதல் அக்டோபர்.

ஐந்தாம் படி: சமையலறை

ஜனவரி 1 அன்று தெற்கத்திக் கறுப்பினக் குடும்பங்களில் காராமணியும் அரிசியும் சேர்த்து ஒரு சாதம் செய்வார்கள், கூடவே கீரை. ஆண்டு செழிக்கும் என்ற நம்பிக்கை. நமக்குச் சமைக்கச் சொல்லித் தர வேண்டியதே இல்லாத உணவு. ஆனால் தட்டுக்குப் பின்னால் இருப்பதைப் படியுங்கள். காராமணி ஆப்பிரிக்காவில் தோன்றிய பயிர். நம் கேழ்வரகும் அங்கிருந்து வந்ததுதான். தென் கரோலினாவின் கடலோரச் சதுப்பில் நெல் விளைவித்துத் தோட்ட முதலாளிகள் பெரும் பணம் சேர்த்தார்கள். அந்த நிலத்தைத் திருத்தி, வரப்பிட்டு, மடை வைத்து, நீர் பாய்ச்சி வடிய விட்டவர்கள் மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து பிடித்து வரப்பட்ட மக்கள். அவர்களில் பலர் நெல் விளையும் மண்ணிலிருந்து வந்தவர்கள்.

அவர்களின் வழித்தோன்றல்களான கல்லா கீச்சி மக்கள் இன்றும் சார்ல்ஸ்டன் அருகே பதினேழாம் எண் நெடுஞ்சாலை ஓரத்தில் கூடை பின்னி விற்கிறார்கள். வட்டவட்டமாகச் சுற்றி, இனிப்புப் புல்லையும் பனை ஓலையையும் வைத்துத் தைத்த கூடைகள். அவற்றில் அகலமாக, தட்டையாக, விளிம்பு சற்றே உயர்ந்த ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் நெல்லை உரலில் குற்றி, அதில் போட்டுப் புடைத்து உமி நீக்கினார்கள். நம் வீட்டு முறம் செய்த அதே வேலை. ஒன்றை எடுத்து விலை கேட்டால் அதிகமாகத் தோன்றலாம். பேரம் பேச வேண்டாம். ஒரு கூடைக்குப் பல நாள் உழைப்பு. பின்னும் அம்மாவிடம் யாரிடம் கற்றீர்கள் என்று கேளுங்கள்.

ஆறாம் படி: அருங்காட்சியகங்கள்

வாஷிங்டனில் 2016 செப்டம்பரில் திறந்த ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று, பண்பாட்டு அருங்காட்சியகத்துக்குக் கட்டணம் இல்லை. ஆனால் நேரம் குறித்த அனுமதிச் சீட்டை முன்கூட்டியே இணையத்தில் எடுக்க வேண்டும். மின்தூக்கி உங்களைப் பூமிக்கடியில் பதினைந்தாம் நூற்றாண்டுக்குக் கொண்டுபோகும். அங்கிருந்து நடந்து நடந்து மேலே வர வேண்டும். கீழ்த்தளங்களுக்கு மட்டும் அரை நாள் ஒதுக்குங்கள். எம்மெட் டிலின் சவப்பெட்டி இருக்கும் அறையில் படம் எடுக்கக் கூடாது. சிறு பிள்ளைகள் இருந்தால் மேல் தளங்களிலிருந்து தொடங்குவது நல்லது. இசை, விளையாட்டு, சக் பெரியின் சிவப்பு காடிலாக் எல்லாம் அங்கே. சாப்பாட்டுக்கூடத்தில் வட்டார வாரியாகக் கறுப்பினச் சமையல் கிடைக்கும்.

அலபாமாவின் மான்ட்கோமரியில் 2018இல் திறந்த நினைவிடம் வேறு விதமானது. கும்பல் கொலைகள் நடந்த மாவட்டங்களுக்கு ஒன்றாக 800க்கும் மேற்பட்ட எஃகுத் தூண்கள், ஒவ்வொன்றிலும் கொல்லப்பட்டவர்களின் பெயர்கள். நடக்க நடக்கத் தரை இறங்கும், தூண்கள் தலைக்கு மேல் தொங்கும். நீங்கள் வசிக்கும் மாவட்டம் அங்கே இருக்கிறதா என்று தேடுங்கள். பத்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளை நான் அழைத்துப் போக மாட்டேன். மெம்ஃபிஸில் கிங் சுடப்பட்ட விடுதியும், கிரீன்ஸ்பரோவில் 1960 பிப்ரவரி 1 அன்று, வெள்ளையருக்கு மட்டும் என்றிருந்த இடத்தில் நான்கு கறுப்பின மாணவர்கள் எழ மறுத்து உட்கார்ந்த உணவு மேசையும் அருங்காட்சியகங்களாக உள்ளன.

பழைய தோட்ட மாளிகைகளுக்குப் போவதாக இருந்தால் தேர்ந்தெடுத்துப் போங்கள். திருமண மண்டபமாக வாடகைக்கு விடும் இடங்களில் மாளிகையின் திரைச்சீலையைப் பற்றித்தான் பேசுவார்கள். லூசியானாவின் விட்னி தோட்டம் அடிமைகளாக இருந்தவர்களின் வாழ்வையே மையமாக வைத்து 2014இல் திறந்தது.

பழகும் முறை

கறுப்பினத் தேவாலயத்தில் ஞாயிறு வழிபாட்டுக்குப் போகலாம். வருபவரை அன்போடு வரவேற்பார்கள், சில இடங்களில் எழுந்து பெயர் சொல்லச் சொல்வார்கள். நன்றாக உடுத்திப் போங்கள், கைப்பேசியில் படம் பிடிக்காதீர்கள், இரண்டு மணி நேரத்துக்கு மேலும் நீளலாம் என்று தயாராக இருங்கள். அலுவலகத் தோழரிடம் உங்கள் மக்களின் வரலாற்றைச் சொல்லுங்கள் என்று கேட்காதீர்கள். நீங்களே படித்துவிட்டுப் போனால் பேச்சு தானாக வரும். ஆப்பிரிக்காவிலிருந்தும் கரீபியனிலிருந்தும் அண்மையில் குடியேறியவர்களின் கதை வேறு, எல்லோரையும் ஒன்றாகக் கலக்க வேண்டாம். நம் வீட்டு விருந்துகளில் கறுப்பின மக்களைக் குறிக்கப் புழங்கும் கேலிப் பெயர்கள் இருக்கின்றன. பிள்ளைகள் காதில் விழும் என்பதற்காக மட்டுமல்ல, அவை தப்பு என்பதற்காகவே நிறுத்துங்கள். யாராவது சொன்னால், ‘அண்ணா, எங்க வீட்ல அப்படிச் சொல்ல வேண்டாம்’ என்று அங்கேயே சொல்லிவிடலாம்.

நிறத்தின் பேச்சு வந்தால் சாதியின் பேச்சும் வரும், வரட்டும். கிங் 1959இல் இந்தியாவுக்கு வந்து ஒரு மாதம் சுற்றினார், கன்னியாகுமரிக் கடற்கரையில் நின்றார். திருவனந்தபுரத்தில் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகளின் பள்ளியில், அமெரிக்காவிலிருந்து வந்திருக்கும் தீண்டப்படாதவர் என்று தலைமையாசிரியர் தன்னை அறிமுகப்படுத்தியதையும், முதலில் திடுக்கிட்டுப் பிறகு அது உண்மைதான் என்று உணர்ந்ததையும் 1965இல் ஒரு பிரசங்கத்தில் சொன்னார். அதற்கு முன்பே, 1946இல், அம்பேத்கர் கறுப்பின அறிஞர் டு பாய்ஸுக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். 1972இல் மும்பையில் தொடங்கிய தலித் பாந்தர்கள் ஓக்லண்டில் தோன்றிய கறுப்பின உரிமை அமைப்பான கறுஞ்சிறுத்தைகளிடமிருந்து (பிளாக் பாந்தர்கள்) பெயரை எடுத்தார்கள். தமிழ்ப் பள்ளியில் மேல் வகுப்புப் பிள்ளைகளுக்கு இதை ஒரு பாடமாக வைக்கலாம். அவர்கள் கேட்கும் கேள்விகளுக்குப் பெரியவர்கள் தயாராக வேண்டியிருக்கும்.

கடைசிப் படி: கை கொடுங்கள்

பிறந்த தேதி தெரியாத டக்ளஸ் தானே தேர்ந்தெடுத்துக்கொண்ட பிறந்த நாள் பிப்ரவரி 14. ஒவ்வோர் ஆண்டும் அன்று, கறுப்பின வரலாற்றின் கையெழுத்து ஆவணங்களை உலகெங்கும் இருந்து மக்கள் ஒரே நேரத்தில் தட்டச்சு செய்கிறார்கள். சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருந்துகூடச் சேரலாம். மற்ற நாட்களில், அமெரிக்காவின் தேசிய அருங்காட்சியக அமைப்பான ஸ்மித்சோனியனின் இணையப் படியெடுப்பு மையம் திறந்தே இருக்கிறது. 1865இல் விடுதலை பெற்ற மக்களுக்காக அமைத்த அரசு அலுவலகத்தின் ஆவணங்களில் பலவும் இப்படித்தான் தட்டச்சாகி வந்திருக்கின்றன. கூலி ஒப்பந்தங்கள், உணவுப் பங்கீட்டுப் பட்டியல்கள், திருமணப் பதிவுகள், அடித்தவன் மேல் கொடுத்த புகார்கள். கறுப்பினக் குடும்பங்கள் தங்கள் கொள்ளுப்பாட்டியைத் தேடும்போது பெயர் கிடைப்பது பெரும்பாலும் இந்தத் தாள்களில்தான். தட்டச்சு ஆகாத பெயர் தேடலில் வராது.

கணக்குத் தொடங்க ஐந்து நிமிடம் போதும். முதலில் கடிதங்களை விட்டுவிட்டுப் பட்டியல் பக்கம் ஒன்றை எடுங்கள், அதில் கையெழுத்துப் பழகும். பழைய ஆங்கில எழுத்தில் ‘எஸ்’ சில இடங்களில் ‘எஃப்’ போலத் தெரியும். எழுத்துப் பிழைகளைத் திருத்தாமல் உள்ளபடியே அடிக்க வேண்டும். பெயர்களை இரண்டு முறை சரிபாருங்கள். படிக்க முடியாத சொல்லைக் குறித்துவிட்டு மேலே போகலாம், அடுத்து வரும் தன்னார்வலர் பார்த்துக்கொள்வார்.